உண்மைக்கு இரு பாதைகள்



இயற்கையின் விசைகள் அனைத்தையும் ஒரே கோட்பாட்டில் அடக்க முடியுமா? இந்தக் கேள்வியோடு ஐன்ஸ்டீன் தம் இறுதி முப்பது ஆண்டுகளைக் கழித்தார். 1955-ல் அவர் இறக்கும்வரை அது கைகூடவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகக் காணும் தாகம் நமக்கும் உண்டு. அறிவியலையும் விசுவாசத்தையும் ஒரே நூலில் கோத்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நாமும் எண்ணுகிறோம். அந்த அவசரத்தைத் தடுத்தவர் ஒரு குரு என்பது வியப்புக்குரியது.

அவர் பெல்ஜியம் நாட்டின் ஜார்ஜ் லெமேத்ர். முதல் உலகப் போரில் படைவீரராக இருந்தவர். 1923-ல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பேரண்டம் விரிந்துகொண்டே இருக்கிறது என்று 1927-ல் கணக்கிட்டுக் காட்டினார். கணக்கு சரி, ஆனால் அதன் இயற்பியலை ஏற்க முடியாது என்றார் ஐன்ஸ்டீன். 1931-ல் லெமேத்ர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். அனைத்தும் ஒரு 'தொடக்க அணுவிலிருந்து' வந்திருக்கலாம் என்றார். பெருவெடிப்புக் கோட்பாட்டின் வித்து அதுவே.

1951 நவம்பர் 22 அன்று, திருத்தந்தை 12-ம் பயஸ் திருப்பீட அறிவியல் கழகத்தில் உரையாற்றினார். 'ஒளி தோன்றுக' என இறைவன் மொழிந்த அந்தத் தொடக்க நொடிக்கு இன்றைய அறிவியல் சாட்சி பகர்வதுபோல் இருக்கிறது என்ற பொருளில் பேசினார். லெமேத்ர் மகிழவில்லை, கலங்கினார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் உரோமையில் கூடிய வானியலாளர்களிடம் பேசியபோது, திருத்தந்தை அந்த ஒப்பீட்டைச் செய்யவில்லை.

லெமேத்ர் ஏன் கலங்கினார்? அறிவியல் கோட்பாடு நாளை திருத்தப்படலாம். விசுவாசத்தை அதில் கட்டிவைத்தால், அது ஆடும்போது விசுவாசமும் ஆடும். மேலும், படைப்பு என்பது முதல் நொடியைப் பற்றியது மட்டுமல்ல. உலகிற்குத் தொடக்கமே இல்லாதிருந்தாலும் அது இறைவனையே சார்ந்து நிற்கும் என்று 13-ம் நூற்றாண்டிலேயே புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்தார். இந்த நொடியிலும் நம்மைத் தாங்குபவர் அவரே.

அன்பர்களே, நம் பிள்ளைகள் இயற்பியல் புத்தகத்தோடு வந்து கேள்வி கேட்கும்போது நாம் அஞ்ச வேண்டாம். அதைப் பறித்து விசுவாசத்திற்குச் சான்றாக்கவும் வேண்டாம். அனைத்தும் கிறிஸ்துவில் நிலைபெறுகின்றன என்று புனித பவுல் கொலோசையருக்கு எழுதினார். நாம் தேடும் ஒருமை ஒரு சமன்பாடு அல்ல, ஓர் ஆள்.

1966 ஜூன் 20-ல் லெமேத்ர் இறந்தார். அதற்குச் சற்று முன், விண்ணெங்கும் பரவியுள்ள தொடக்ககாலக் கதிர்வீச்சு கண்டுபிடிக்கப்பட்ட செய்தி அவரை எட்டியது. அவருடைய கோட்பாடு வலுப்பெற்றது. அவருடைய விசுவாசமோ அந்தச் செய்திக்காகக் காத்திருக்கவில்லை. நம்முடையதும் அவ்வாறே இருக்க வரம் கேட்போம். ஆமென்.