நன்றி யாருக்கு?

அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை கனடாவிலிருந்து 'ஹேப்பி தேங்க்ஸ்கிவிங்' என்று வாழ்த்து வருகிறது. நவம்பர் நான்காம் வியாழக்கிழமை அதே வாழ்த்து அமெரிக்காவிலிருந்து வருகிறது. வேலைக்கும் படிப்புக்கும் போன நம் பிள்ளைகள் அனுப்புகிறார்கள். நாமும் பதில் வாழ்த்துச் சொல்கிறோம். அன்பாக வருவதற்கு அன்பாகப் பதில் சொல்வதில் தவறில்லை. ஆனால் எந்தப் பண்டிகையானாலும் அதில் செத்தது யார், கொண்டாடுவது யார் என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். இந்தப் பண்டிகையிடமும் அதைக் கேட்க வேண்டும்.

அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் கதை இது. 1620இல் மேஃபிளவர் கப்பலில் வந்த ஆங்கிலேயர்கள் பிளைமவுத்தில் குடியேறினார்கள். முதல் குளிர்காலத்திலேயே பாதிப் பேர் இறந்தார்கள். பூர்வகுடிகள் மக்காச்சோளம் பயிரிடக் கற்றுக்கொடுத்தார்கள். 1621 அறுவடைக்குப் பிறகு இரு தரப்பும் சேர்ந்து விருந்துண்டார்கள்.

விருந்து நடந்தது உண்மைதான். வாம்பனோக் மக்களின் தலைவர் மாசசாய்ட் சுமார் 90 பேருடன் வந்தார். மூன்று நாள் விருந்துக்கு ஐந்து மான்களை வேட்டையாடிக் கொண்டுவந்தவர்களும் அவர்கள்தான். கதையை எங்கே தொடங்குகிறார்கள், எங்கே முடிக்கிறார்கள் என்பதில்தான் சூது.

சோளம் பயிரிடக் கற்றுக்கொடுத்த டிஸ்குவான்டம், 1614இல் ஆங்கிலேயக் கப்பல்காரன் ஒருவனால் கடத்தப்பட்டு ஸ்பெயினில் விற்கப்பட்டவர். 1619இல் எப்படியோ ஊர் திரும்பினார். அங்கே ஊர் இல்லை. ஐரோப்பியரோடு வந்த கொள்ளைநோயில் பட்டுக்செட் என்ற அந்த ஊரே அழிந்திருந்தது. அந்த ஊர் இருந்த இடத்தில்தான் பிளைமவுத் எழுந்தது.

விருந்துக்கு வந்த மாசசாய்ட்டின் மகன் மெட்டகாம். பறிபோகும் நிலத்துக்காக 1675இல் குடியேறிகளை எதிர்த்துப் போர் தொடங்கினார். அடுத்த ஆண்டு கொல்லப்பட்டார். அவருடைய தலை பிளைமவுத்துக்கு வந்து சேர்ந்த நாள், அங்கே கடவுளுக்கு நன்றி சொல்லும் நாளாக இருந்தது. அந்தத் தலை கம்பத்தில் குத்தப்பட்டுப் பல ஆண்டுகள் அங்கேயே இருந்தது. அவருடைய சிறு மகன் அடிமையாக விற்கப்பட்டான். தகப்பன் கொடுத்த மானுக்குப் பிள்ளைக்குக் கிடைத்த நன்றி இது!

1863இல், உள்நாட்டுப் போரின் நடுவே, ஆபிரகாம் லிங்கன் இதை நாடு முழுவதற்குமான நாளாக அறிவித்தார். அடிமை ஒழிப்புக்காக நாம் மதிக்கும் அதே லிங்கனின் ஒப்புதலோடுதான், அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரில், மின்னசோட்டாவில் டகோட்டா மக்கள் 38 பேர் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டார்கள்.

1970இல் மாசசூசெட்ஸ் அரசு தரப்பினர் குடியேற்றத்தின் 350ஆம் ஆண்டு விழாவில் பேச வாம்சுட்டா பிராங்க் ஜேம்ஸ் என்ற வாம்பனோக் தலைவரை அழைத்தார்கள். உரையை முன்கூட்டியே வாங்கிப் பார்த்தார்கள். அதில் உண்மை இருந்தது. அதைப் பேச விடவில்லை. அவர் தம் மக்களோடு பிளைமவுத்தில் மாசசாய்ட் சிலையருகே கூடினார். அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் அதே வியாழக்கிழமையை அங்கே தேசியத் துக்க நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

லைபீரியாவிலும் நன்றி நாள் உண்டு, நவம்பர் முதல் வியாழக்கிழமையில். அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டுச் சென்ற கறுப்பின மக்கள் கொண்டுபோன வழக்கம் அது. அங்கே போனவர்கள் மண்ணின் மக்களுக்கு மேலே உட்கார்ந்தார்கள். 1980 வரை அதிகாரம் பெரும்பாலும் அவர்கள் வழிவந்தோர் கையிலேயே இருந்தது. ஒடுக்கப்பட்டவர் கையிலும் இந்தப் பண்டிகை அப்படியே தொடர்ந்தது. நமக்கும் இதில் பாடம் இருக்கிறது.

அப்படியானால் நாடு கடந்து நன்றி சொல்வதே வீணா? இல்லை. 1873இல் ஜோதிராவ் பூலே தம் 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். நம் மக்களும் அதுபோல் விடுபட வேண்டும் என்ற ஆசையோடு சொன்ன நன்றி அது. 1946இல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். டு பாய்ஸும் பதில் எழுதினார். 1972இல் மும்பையில் எழுந்த தலித் பேந்தர்ஸ், கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பெயரையே எடுத்துக்கொண்டது. இவையும் கடல் கடந்த வாழ்த்துகள்தாம். கொடுத்தவரைக் கொன்றுவிட்டுச் சொன்ன நன்றி அல்ல.

ஆகவே தோழர்களே, வாழ்த்து வந்தால் பதில் அனுப்புவோம். அதோடு பிளைமவுத்தில் அன்று துக்கத்தோடு கூடி நிற்கும் மக்களைப் பற்றியும் இரண்டு வரி சேர்த்து எழுதுவோம். அங்கே வளரும் நம் பிள்ளைகள் மெட்டகாம் யார் என்று கேட்கட்டும்.