ஒரு மாணவனிடம் கேட்க வேண்டிய மன்னிப்பும் உல்லம் மீனும்

போன வாரம் கொல்கத்தாவில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் ஒரு மீன் படம் அனுப்பியிருந்தார். வெள்ளித் தகடு போல மின்னும் மீன். "ஐயா, இதுதான் இலிஷ். இங்கே இதற்காக உயிரையே விடுவார்கள். முள் மட்டும் ஆயிரம்" என்று எழுதியிருந்தார். படத்தைப் பார்த்ததும் எனக்கு முப்பது, முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய ஒரு வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது பரமத்தி வேலூர் பக்கம் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் கட்டிய அணைகள் பாடம். கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான். அவன் தாத்தா கொள்ளிடக் கரையிலிருந்து பிழைக்க வந்தவர். "ஐயா, எங்க தாத்தா சின்ன வயசுல வெள்ளம் வந்தா கடல் மீனு ஆத்துல ஏறி வருமாம். அணை வந்து கெட்டுப்போச்சுன்னு சொல்வாரு" என்றான். நான், "கடல் மீன் ஆற்றுத் தண்ணீரில் எப்படிடா உயிரோடு இருக்கும்? தாத்தா கதை விட்டிருக்கார்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க அவன் வகுப்பில் வாய் திறந்ததாக எனக்கு நினைவில்லை.

தாத்தா கதை விடவில்லை. பாடம் நடத்திய எனக்குத்தான் தெரியவில்லை.

அந்த மீனுக்குத் தமிழில் உல்லம் என்று பெயர். (உள்ளம் அல்ல, ஒற்று மாறிவிடாமல் படியுங்கள்!) வங்காளத்தில் இலிஷ், கோதாவரிக் கரையில் புலசா. ஐரோப்பாக்காரர்கள் உப்பிட்டும் புகை போட்டும் தின்னும் ஹெர்ரிங் மீனின் குடும்பம்தான். நம் சந்தையில் கிடைக்கும் மத்தியும் சாளையும் அதே குடும்பம். நெத்திலி பங்காளி வீடு. ஆனால் இந்தக் குடும்பத்தில் உல்லத்துக்கு ஒரு தனிக் குணம். வளர்வது கடலில், முட்டையிடுவது ஆற்றில். மழைக்கால வெள்ளம் கலங்கலாக முகத்துவாரத்தில் இறங்கும்போது, அந்த நன்னீரை எதிர்த்துக் கூட்டமாக மேலேறும்.

1836-இல் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே முக்கொம்பில் மேலணையும் அணைக்கரையில் கீழணையும் கட்டினார். தஞ்சாவூர் வயல்கள் பிழைத்தன. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கடலிலிருந்து வரும் உல்லத்துக்குக் கீழணை ஒரு சுவர். குளிர்நாட்டு சால்மன் மீன் தாவிக் குதித்து ஏறும், உல்லத்துக்கு அந்த வித்தை கிடையாது. அணைக்குக் கீழே கூட்டமாக வந்து முட்டி நிற்கும். நிற்கும் மீனை வலை போட்டு அள்ளுவது எளிது. முட்டையோடு வந்தவை முட்டையிடாமலே குழம்புக்குப் போயின.

இதில் எனக்கு வியப்பாக இருப்பது, அணைகளால் கடற்கரை மீன்வளம் பாதிக்கப்படுகிறதோ என்று 1867 வாக்கில் அரசின் கவனத்துக்குக் கொண்டுபோனவரே அதே காட்டன்தான் என்பது. தான் கட்டியதைப் பற்றித் தானே சந்தேகம் எழுப்ப எத்தனை பேருக்கு மனம் வரும்? பிறகு சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே ஆராய அனுப்பப்பட்டார். இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய அதே டே. மீன் ஏற வழிவிட வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்.

மீன் ஏணி வைத்துப் பார்த்தார்கள், உல்லம் அதைச் சட்டை செய்யவில்லை. 1909-இல் வில்சன் என்ற மீன்துறை அதிகாரி கீழணையில் இன்னொன்று செய்தார். தாய் மீனின் முட்டையைப் பிதுக்கி எடுத்து, ஆண் மீனின் விந்தோடு கலந்து, குஞ்சு பொரிக்க வைத்தார். அமெரிக்காவில் இதன் உறவான ஷாட் மீனுக்கு அப்போதே அந்த முறை பழக்கத்தில் இருந்தது. குஞ்சு பொரித்தது உண்மை. ஆற்றின் பழைய வளம் திரும்பவில்லை என்பதும் உண்மை.

இனி நம் ஊர்க் கதை. 1934-இல் மேட்டூர் அணை முடிந்தது. அதன் தண்ணீரில் வளர்ந்தவர்கள் நாம். குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கத்து உறவுகளுக்குக் கிழக்குக்கரை வாய்க்கால் என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆடி வெள்ளத்தை மேட்டூர் பிடித்து வைத்துக்கொண்டால், மிச்சம் இருந்தால்தான் கொள்ளிடத்துக்குப் போகும். கீழணை வழியை அடைத்தது என்றால், மேட்டூர் அழைப்பையே நிறுத்திவிட்டது. வெள்ளம் வராத ஆற்றுக்கு உல்லம் எதற்கு வரும்? சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்த சுந்தர ராஜ் 1941-இலேயே அணைகளும் மீன்வளமும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மேட்டூர் இந்தியாவுக்குத் தரும் பாடங்கள் என்று தலைப்பிலேயே சொல்லியிருந்தார். 1975-இல் கங்கையில் ஃபராக்கா தடுப்பணை வந்தபோது, அலகாபாத் வரை ஏறிக்கொண்டிருந்த இலிஷுக்கும் இதே கதிதான்.

மேட்டூர் அணைப் பக்கம் போனால் மீன் வறுவல் சாப்பிடாமல் யாரும் திரும்புவதில்லை, நானும்தான். அங்கே விற்கும் கட்லாகூடக் காவிரியில் பிறந்த இனம் அல்ல. போன நூற்றாண்டில் கோதாவரிப் பக்கமிருந்து கொண்டுவந்து விட்டது.

அணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அணையில்லாமல் என் அப்பா எங்களைப் படிக்க வைத்திருக்க முடியாது. ஆனால் காட்டன் பாடத்தை முப்பது வருடத்துக்கு மேல் நடத்தியும் அந்த மீனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல வந்தவனையும் உட்கார வைத்தேன்.

அவன் பெயர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, இங்கே போடவில்லை. இப்போது ஐம்பதை நெருங்கியிருப்பான். அவனோடு படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால் அவனுக்கு அனுப்பி வையுங்கள். தாத்தா அந்த மீனைப் பற்றி வேறு என்னவெல்லாம் சொன்னார் என்று கேட்க வேண்டும். இந்த முறை குறுக்கே பேசமாட்டேன்.