சர்க்கரையைத் தேடும் விஷம்

1884ஆம் ஆண்டில் கல்கத்தாவில் காலராக் கிருமியைப் பிரித்தெடுத்து ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக், அக்கிருமி உண்டாக்கும் ஒரு விஷமே நோயாளியைக் கொல்கிறது என்று கருதினார். கருதினாரேயன்றி நிரூபித்தாரில்லை. அவ்விஷம் உண்டென்று நிலைநாட்ட 75 ஆண்டுகள் சென்றன. நிலைநாட்டியதும் அதே கல்கத்தாவில்தான்.

அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் நோய்க்கூற்றியல் பேராசிரியராக விளங்கியவர் டாக்டர் சம்புநாத் தே. முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இரு முனைகளிலும் நூலால் கட்டி, அதனுள் காலராக் கிருமிகளைச் செலுத்தினார். மறுநாள் பார்க்கையில், அரிசி கழுவிய நீர் போன்ற திரவம் நிறைந்து குடல் உப்பியிருந்தது. 1953இல் வெளியான ஆராய்ச்சி இது. 1959இல் ஒரு படி மேலே சென்றார். கிருமிகள் வளர்ந்த திரவத்தை வடிகட்டி, ஒரு கிருமியும் இல்லாத தெளிநீரை மட்டும் செலுத்தினார். அப்பொழுதும் குடல் உப்பியது! கிருமி குடலுக்குள் இருக்கவேண்டுமென்பதில்லை. அது கக்கிய விஷமே போதும். ஒரு முயலும் சிறிது நூலும் கொண்டு நிகழ்த்திய இச்சோதனையின் பெருமையை நம் நாடு உணர்வதற்கு நெடுங்காலம் பிடித்தது என்பது வருந்தத்தக்கது.

அந்த விஷம் குடலை எவ்வாறு பற்றுகிறது? 1971இல் ஆக்ஸ்போர்டு அறிஞர் வான் ஹைனிங்கனும் அவருடைய கூட்டாளிகளும் காங்லியோசைடு என்னும் பொருளை அவ்விஷத்துடன் கலந்தபொழுது, விஷம் தன் வலிமையை இழந்தது. காங்லியோசைடு என்பது சர்க்கரைத் தலையும் கொழுப்பு வாலும் உடைய ஒரு மூலக்கூறு. குடற்சுவரின் உயிரணுக்களிலும் அது உண்டு. வால் உயிரணுவின் மேலுறையில் புதைந்திருக்க, ஐந்து சர்க்கரை அலகுகளாலான தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். விஷத்திற்கோ ஐந்து பிடிகள். ஒவ்வொரு பிடியும் ஒரு சர்க்கரைத் தலையைக் கவ்வுகிறது. இத்தகைய மூலக்கூற்றை 'ஏற்பி' என்று மொழிபெயர்ப்பது வழக்கம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு அச்சொல் சிறிது உறுத்துகிறது. குடல் விஷத்தை ஏற்கவில்லை, ஏமாந்து இடங்கொடுக்கிறது.

அந்த ஏமாற்றத்தை விஷத்தின்மீதே திருப்பினால் என்ன? காலராக் கிருமியை வளர்த்து உறுதிசெய்ய இரண்டு மூன்று நாட்கள் வேண்டும்; நோயோ சில மணி நேரத்தில் உயிரைக் குடிக்கவல்லது. ஆதலால் ரசாயன அறிஞர்கள் செயற்கையாகச் சர்க்கரை மூலக்கூறுகளை ஆக்கி, அவற்றைத் தூண்டில் இரையாக வைத்தனர். 2007இல் இங்கிலாந்தின் நாரிச் நகர ஆராய்ச்சியாளர்கள், பாற்சர்க்கரையைச் சார்ந்த ஒரு செயற்கை மூலக்கூற்றை நுண்ணிய தங்கத் துகள்களின்மேல் போர்த்தினர். அத்துகள்கள் மிதக்கும் நீர் சிவப்பாயிருக்கும். காலரா விஷம் சேர்ந்தால், அதன் பல பிடிகளும் பல துகள்களைப் பற்றி ஒன்றாக இழுக்கின்றன. துகள்கள் நெருங்கியதும் நீரின் சிவப்பு ஊதாவாக மாறுகிறது. இதைக் காண வெறுங்கண்ணே போதும்.

எனினும், இரையை வைத்தவன் விரும்பிய மீனே சிக்கும் என்பதில்லை. ஈ. கோலை என்னும் குடற்கிருமியின் சில வகைகள் காலரா விஷத்திற்கு உடன்பிறப்பைப் போன்ற ஒரு விஷத்தைக் கக்குகின்றன. குடலில் அதுவும் பற்றுவது அதே சர்க்கரைத் தலையைத்தான். கோலை இனக் கிருமிகளும் முயற்குடலை உப்பச் செய்வதை டாக்டர் தே 1956இலேயே கண்டிருந்தார். ஆகவே சர்க்கரை இரையில் விஷம் சிக்கிய அளவில் அது காலராவேயென்று அறுதியிட இயலாது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் பழைய சோதனை இன்றும் வேண்டியிருக்கிறது.