உடற்பருமனும் பக்கவாதமும்: ஒரு தொடர்பு அறியப்பட்ட வரலாறு

பக்கவாதம் என்பது மூளையின் ஒரு பகுதிக்குச் செல்லும் இரத்த ஓட்டம் திடீரெனத் தடைப்படுவதாலோ, மூளைக்குள் இரத்தக் குழாய் வெடித்துக் கசிவதாலோ ஏற்படும் பாதிப்பாகும். உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது இதன் முதன்மை அறிகுறியாக இருப்பதால் தமிழில் இப்பெயர் பெற்றது. உடல் பருத்தவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பது இன்று பரவலாக அறியப்பட்ட செய்தி. ஆனால், பருமன் எந்த வழியில் மூளையின் இரத்தக் குழாயைத் தாக்குகிறது என்ற கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தெளிவான விடை கிடைக்கத் தொடங்கியது. அந்த விடை, ஒல்லியானவர்கள் பாதுகாப்பானவர்கள், பருத்தவர்கள் நோயிலிருந்து தப்ப இயலாதவர்கள் என்ற இரு நம்பிக்கைகளையும் மாற்றியது.

தொடக்ககாலக் கருத்துகள்

கிரேக்க மருத்துவர் இப்போக்கிரட்டீசின் பெயரில் வழங்கும் மருத்துவ முதுமொழிகளில், இயல்பிலேயே மிகவும் பருத்தவர்கள் மெலிந்தவர்களைவிட விரைவில் இறக்கக்கூடும் என்ற கருத்து காணப்படுகிறது. திடீரென நினைவிழந்து வீழும் நோயை கிரேக்கர்கள் ‘அப்போப்பிளெக்சி’ என்று அழைத்தனர். உடலின் நீர்மங்கள் சமநிலை இழப்பதே அதற்குக் காரணம் என்ற விளக்கம் பல நூற்றாண்டுகள் நிலைத்திருந்தது.

1658 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் சாபாசென் நகர மருத்துவரான யோகான் யாக்கோபு வெப்பர், இந்நோயால் இறந்தவர்களின் உடல்களை அறுத்து ஆராய்ந்து எழுதிய நூலை வெளியிட்டார். மூளைக்குள் இரத்தம் கசிந்திருப்பதை அவர் காட்டினார். மூளைக்கு இரத்தம் செல்வது தடைப்பட்டாலும் இந்நோய் வரலாம் என்றும் விளக்கினார். இதன் பின்னரும் ஐரோப்பிய மருத்துவர்கள் நோயாளியின் புறத்தோற்றத்தையே பெரிதும் நம்பினர். குட்டையான கழுத்து, தடித்த உடல், சிவந்த முகம் ஆகியவை கொண்டவர் இந்நோய்க்கு உரிய உடல்வாகு உடையவர் என்று கருதப்பட்டார்.

எடையும் அழுத்தமும் அளவிடப்படுதல்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோற்றத்தின் இடத்தை எண்கள் பிடிக்கத் தொடங்கின. பெல்சியப் புள்ளியியலாளர் அடால்ப் கெட்டலே, வளர்ந்தவர்களின் எடை அவர்களின் உயரத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடுகிறது என்பதை 1830களில் கண்டறிந்தார். கிலோகிராமில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் அளவுக்கு ‘உடல் நிறை குறியெண்’ என்ற பெயரை அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீசும் அவருடைய குழுவினரும் 1972-இல் வழங்கினர்.

1896-இல் இத்தாலியரான சிப்பியோனே ரிவா-ரோச்சி, கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவியை அறிமுகப்படுத்தினார். 1905-இல் உருசிய மருத்துவர் நிக்கோலாய் கொரோட்கோவ், இதயத்துடிப்பு மானியால் ஒலியைக் கேட்டு மேல் அழுத்தம், கீழ் அழுத்தம் இரண்டையும் கணக்கிடும் முறையைக் கண்டறிந்தார்.

இந்த எண்களை முதலில் பெருமளவில் பயன்படுத்தியவை ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் ஆகும். எடை மிகுந்தவர்களும் இரத்த அழுத்தம் மிகுந்தவர்களும் முன்னதாகவே இறப்பதை அவற்றின் கணக்குகள் காட்டின. மருத்துவர்களில் பலரோ வேறு கருத்துக் கொண்டிருந்தனர். வயது ஏற ஏற குழாய்கள் தடிக்கின்றன; அவற்றின் வழியே இரத்தத்தைச் செலுத்த உயர் அழுத்தம் உடலுக்குத் தேவைப்படுகிறது; ஆகவே அதைக் குறைக்கக் கூடாது என்று அவர்கள் எண்ணினர்.

ரூசவெல்ட்டின் மரணம்

இக்கருத்தின் விளைவை அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்கிளின் ரூசவெல்ட்டின் இறுதி ஆண்டு காட்டுகிறது. 1944 மார்ச்சில் இதயநோய் மருத்துவர் ஓவர்ட் புரூவன் அவரைப் பரிசோதித்தபோது இரத்த அழுத்தம் 186/108 ஆக இருந்தது. இதயச் செயலிழப்பின் அறிகுறிகளும் தென்பட்டன. புரூவன் டிசிட்டாலிசு மருந்தையும், உப்பும் கலோரியும் குறைந்த உணவையும் பரிந்துரைத்தார். ரூசவெல்ட்டின் எடை குறைந்தது. அழுத்தமோ தொடர்ந்து ஏறியது. அதைக் குறைக்கும் நல்ல மருந்து அன்று இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று, தமது 63 ஆம் வயதில், மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவால் அவர் இறந்தார். அப்போது அளக்கப்பட்ட அழுத்தம் 300/190.

பிரேமிங்காம் ஆய்வு

1948 சூனில் தேசிய இதயச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ட்ரூமன் கையொப்பமிட்டார். அதே ஆண்டு மாசச்சூசெட்சு மாநிலத்தின் பிரேமிங்காம் நகரில் 5,209 ஆண்களையும் பெண்களையும் கொண்டு ஒரு நீண்டகால ஆய்வு தொடங்கியது. நோய் வந்தபின் காரணம் தேடும் முறையை விடுத்து, நோயற்றவர்களை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதித்து, யாருக்கு நோய் வருகிறது என்று காத்திருந்து பார்ப்பதே இதன் முறை. ‘இடர்க் காரணி’ என்ற கருத்து மருத்துவத்தில் வேரூன்ற வில்லியம் கன்னலும் அவருடைய குழுவினரும் 1961-இல் வெளியிட்ட கட்டுரை பெரிதும் உதவியது.

பக்கவாதம் குறித்து இவ்வாய்வு ஒவ்வொன்றாகப் பல உண்மைகளை வெளிக்கொணர்ந்தது. உயர் இரத்த அழுத்தமே பக்கவாதத்தின் முதன்மையான முன்னறிகுறி என்று 1970-இல் வெளியான கட்டுரை காட்டியது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேசன்’ உள்ளவர்களுக்குப் பக்கவாத வாய்ப்பு ஐந்து மடங்கிற்கும் மேல் என்று 1978-இல் அறியப்பட்டது. 1983-இல், 26 ஆண்டுகால விவரங்களை ஆராய்ந்த எலன் ஊபர்ட்டும் பிறரும், பெண்களில் எடை மிகுதி பக்கவாதத்துடன் தனித்த தொடர்பு கொண்டிருப்பதைப் பதிவு செய்தனர். ஆண்களில் அத்தொடர்பு இதயநோய்களில் தெளிவாக இருந்தது. பக்கவாதத்தில் அவ்வளவு தெளிவாக இல்லை.

சப்பானின் எதிர்மறைச் சான்று

பருமன் மட்டுமே காரணம் என்று முடிவு செய்ய இயலாதபடி சப்பான் ஒரு சான்றாக இருந்தது. 1951 முதல் 1980 வரை அந்நாட்டில் இறப்புக்கான முதல் காரணம் பக்கவாதமே. அக்கால சப்பானியரோ பெரும்பாலும் மெலிந்தவர்கள். அக்கித்தா போன்ற வடகிழக்குப் பகுதிகளில் உப்பிட்ட உணவு மிகுதியாக உண்ணப்பட்டது. உயர் இரத்த அழுத்தமும் பரவலாக இருந்தது. 1961-இல் கியூசு தீவின் இசயாமா ஊரில் தொடங்கிய ஆய்வில், இறந்தவர்களுள் பெரும்பாலோரின் உடல்கள் அறுத்துப் பார்க்கப்பட்டதால், நோயின் வகைகள் துல்லியமாக அறியப்பட்டன. உப்பைக் குறைத்தல், ஊர்தோறும் அழுத்தம் பார்த்தல், மருந்து வழங்குதல் ஆகியவற்றைத் தொடர்ந்து பக்கவாத இறப்புகள் பெரிதும் குறைந்தன. பருமன் இல்லாமலே அழுத்தம் பக்கவாதத்தைக் கொண்டுவரும் என்பது இதனால் உறுதியானது.

கொழுப்பு சேரும் இடம்

1947-இல் பிரான்சின் மார்செய் நகர மருத்துவர் சான் வாக், உடலின் மேற்பகுதியில் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கே நீரிழிவும் குழாய்த் தடிப்பும் மிகுதியாக வருகின்றன என்று எழுதினார். தொடையிலும் இடுப்புக்குக் கீழும் சேரும் கொழுப்பு அவ்வளவு தீங்கு செய்வதில்லை என்பது அவருடைய கருத்து. இது நெடுங்காலம் கவனிக்கப்படவில்லை. 1984-இல் சுவீடனின் கோத்தன்பர்க்கு நகர ஆய்வு, நடுவயது ஆண்களில் வயிற்றுச் சுற்றளவுக்கும் இடுப்புச் சுற்றளவுக்கும் உள்ள விகிதம் பக்கவாதத்தை முன்னறிவிப்பதைக் காட்டியது. 1988-இல் செரால்டு ரீவன், இன்சுலின் எதிர்ப்பு, உயர் அழுத்தம், கொழுப்புக் கோளாறு ஆகியவை ஒன்றாகக் கூடிவருவதை விளக்கினார். இத்தொகுதி பின்னர் வளர்சிதைமாற்றக் கூட்டறிகுறி எனப்பட்டது.

வயிற்று உறுப்புகளைச் சுற்றிய கொழுப்பிலிருந்து கொழுப்பு அமிலங்கள் நேராகக் கல்லீரலுக்குச் செல்கின்றன. இன்சுலின் தன் வேலையைச் சரிவரச் செய்ய இயலாமல் இரத்தச் சர்க்கரை கூடுகிறது. சிறுநீரகம் உப்பைத் தேக்கி வைப்பதால் அழுத்தம் ஏறுகிறது. கழுத்துப் பகுதிப் பருமனால் உறக்கத்தில் மூச்சு தடைப்படுவதும் அழுத்தத்தைக் கூட்டும்.

இடைநிலைக் காரணிகளின் பங்கு

2014-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு, 97 நீண்டகால ஆய்வுகளில் பங்கேற்ற 18 இலட்சம் பேரின் விவரங்களைத் தொகுத்தது. உடல் நிறை குறியெண் கூடுவதால் வரும் கூடுதல் பக்கவாத இடரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, இரத்த அழுத்தம், கொலசுட்ரால், இரத்தச் சர்க்கரை ஆகிய மூன்றின் வழியே வருவதாக அது கணக்கிட்டது. அழுத்தத்தின் பங்கு மட்டும் சுமார் 65 விழுக்காடு. எஞ்சிய நான்கில் ஒரு பங்கு இம்மூன்றால் விளக்கப்படவில்லை. ஆகவே எடையைக் குறைக்க வேண்டிய தேவை நீங்கிவிடவில்லை.

இதன் நடைமுறைப் பொருள் பெரிது. எடை குறைவது கடினம். குறைந்தாலும் மீண்டும் ஏறுவது வழக்கம். அழுத்தத்தை மருந்தால் குறைப்பது அதைவிட எளிது. 1967-இல் எட்வர்டு பிரைசு தலைமையில் 143 அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடந்த ஆய்வு, கடுமையான உயர் அழுத்தத்திற்கு மருந்து தருவது உயிர்காப்பது என்று காட்டியது. 1991-இல் 60 வயதைக் கடந்த 4,736 பேரிடம் நடந்த ஆய்வில், மேல் அழுத்தத்தைக் குறைத்ததால் பக்கவாதம் 36 விழுக்காடு குறைந்தது. ரூசவெல்ட்டுக்கு இல்லாத இவ்வாய்ப்பு, இன்று எடை குறையாத ஒருவருக்கும் உண்டு. எடை குறைந்தால் அதற்கும் தனிப் பயன் உண்டு: சராசரியாக ஒரு கிலோகிராமுக்கு மேல் அழுத்தம் சுமார் 1 மில்லிமீட்டர் தாழ்கிறது.

தெற்காசியர்களுக்கான அளவுகோல்கள்

தெற்காசியர்களுக்கு ஐரோப்பியர்களைவிடக் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் நீரிழிவும் வருகின்றன. இதனால் 25, 30 என்ற பொதுவான வரம்புகளுடன், ஆசிய மக்களுக்கு 23, 27.5 ஆகியவற்றையும் நடவடிக்கைக்கு உரிய புள்ளிகளாகக் கொள்ளலாம் என்று உலக சுகாதார அமைப்பின் வல்லுநர் குழு 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் பரிந்துரைத்தது. பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2005-இல் தெற்காசியருக்கு வயிற்றுச் சுற்றளவு வரம்பாக ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்று வகுத்தது. இந்தியா உள்ளிட்ட 22 நாடுகளில் நடந்து 2010-இல் வெளியான ‘இன்டர்சுட்ரோக்’ ஆய்வு, பக்கவாத இடரில் சுமார் 90 விழுக்காட்டைப் பத்துக் காரணிகளுடன் தொடர்புபடுத்தியது. அவற்றுள் உயர் இரத்த அழுத்தம் முதலிடம் பெற்றது. உடல் நிறை குறியெண்ணுக்கு மாறாக வயிறு-இடுப்பு விகிதமே அப்பட்டியலில் இடம்பெற்றது.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், உயர் இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டுசேர்க்கிறது. பருமனுக்கும் பக்கவாதத்திற்கும் இடையே நிற்கும் முதன்மையான கண்ணிகள் இவ்விரண்டுமே ஆகும். பார்வைக்கு ஒல்லியாகத் தோன்றுபவரும் தமது அழுத்தத்தையும் சர்க்கரையையும் வயிற்றுச் சுற்றளவையும் அளந்து அறிய வேண்டியிருப்பது இந்த வரலாற்றின் பயனாகும்.