உடலசைவு இயக்குநர் (ஆஸ்திரேலிய நாடகம்)

நாடகத்தில் நடிகர்கள் நிற்பதையும் நடப்பதையும் மூச்சு விடுவதையும் கூட்டமாக நகர்வதையும் இயக்குநரோடு சேர்ந்து வடிவமைப்பவர் உடலசைவு இயக்குநர். நடன அமைப்பாளரின் வேலை நடனமாகவே கண்ணில் படும். இவருடைய வேலையோ பாத்திரத்துக்குள் கரைந்துவிடும். மூதாட்டியாக நடிக்கும் இளம்பெண் எந்தக் காலில் எடையைத் தாங்குகிறாள், எழும்போது முதலில் அசைவது கையா முதுகா என்பதுவரை இவர் கவனிப்பார். சண்டைக் காட்சிகளுக்கும் நெருக்கமான காட்சிகளுக்கும் இன்று தனி வல்லுநர்கள் இருக்கிறார்கள்.

சிட்னியில் இக்கலை வேரூன்றியதில் புலம்பெயர்ந்தோரின் பங்கு பெரிது. வியன்னாவின் யூத நடனக் கலைஞர் கெர்ட்ரூட் போடன்வீசர், நாஜிகளிடமிருந்து தப்பி 1939இல் ஆஸ்திரேலியா வந்து, சிட்னியில் தன் குழுவை நிறுவினார். அவரிடம் பயின்றவர்களில் ஒருவர் கீத் பெய்ன் (1926–2012). பம்பாயில் பிறந்து, அமெரிக்காவில் மார்த்தா கிரகாமிடம் கற்ற மார்கரெட் பார், 1958இல் தொடங்கப்பட்ட தேசிய நாடகக் கலைக் கழகத்தில் (நைடா) நடிப்பு மாணவர்களுக்கு உடலசைவு கற்பித்தார். பெய்னும் அங்கே பல தலைமுறை நடிகர்களை உருவாக்கினார். பால்ரூம் நடனப் போட்டிகளில் கழிந்த பெய்னின் இளமை, அவருடைய மாணவர் பாஸ் லூர்மனின் 'ஸ்டிரிக்ட்லி பால்ரூம்' (1992) படத்துக்கு ஒரு தூண்டுதல். ஆனால், நடிகரின் உடல் அவருக்கே உரிய சிந்தனைக் கருவி என்பதை ஒரு நாட்டின் நாடகக் கல்வியில் நிலைநிறுத்தியதே பெய்னின் பெரும் சாதனை.

பாரிஸில் ஜாக் லெகாக் 1956இல் தொடங்கிய பள்ளியின் தாக்கமும் வலுவானது. நடிகர் ஜெப்ரி ரஷ் அங்கே பயின்றவர். மெல்பர்னில் 2012 இறுதியில் மேடையேறிய 'வார் ஹார்ஸ்' நாடகத்தின் குதிரை அசைவுகளை வகுத்த டோபி செட்ஜ்விக்கும் லெகாக் மரபினரே. ஒவ்வொரு பெரிய குதிரைப் பொம்மையையும் தலை, நெஞ்சு, பின்கால் என மூவர் இயக்கினார்கள். நெஞ்சுப் பகுதிக்காரர் உடலை ஏற்றி இறக்க, பொம்மை மூச்சு விட்டது. காது திரும்புவதும் வால் அசைவதும் அந்த மூச்சோடு இசைய வேண்டும். இத்தகைய ஒத்திசைவு தானாக வருவதில்லை. வாரக்கணக்கான பயிற்சி வேண்டும்.

தமிழருக்கு நெருக்கமான சான்று, எஸ். சக்திதரன் எழுதி, ஏமன் பிளாக் இயக்கி, 2019 ஜனவரியில் சிட்னி நகர மண்டபத்தில் அரங்கேறிய 'கவுண்டிங் அண்ட் கிராக்கிங்'. 16 நடிகர்கள் கொழும்புக்கும் சிட்னிக்கும் இடையே நான்கு தலைமுறைகளை நடித்தார்கள். கதைநாயகி ராதாவின் இளமையை ஒருவரும் நடுவயதை வேறொருவரும் ஏற்றார்கள். இரண்டு உடல்களும் ஒருத்தியாகவே தெரியவேண்டும். உடை, பண்பாட்டு ஆலோசகராக இருந்தவர் சக்திதரனின் தாயார், சிட்னி 'லிங்காலயம்' நடனக் குழுவை நிறுவிய ஆனந்தவல்லி. அடுத்து வந்த 'தி ஜங்கிள் அண்ட் தி சீ' (2022) நாடகத்தில், குடும்பம் ஒன்றுசேரும்வரை கண்ணைக் கட்டிக்கொள்ளும் தாயாக அவரே நடித்தார். முகபாவத்தில் பாதி கண்ணிலேயே இருக்கும் பரதக் கலைஞருக்கு இது எளிய வேடமல்ல. சென்னையில் ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையும் தெருக்கூத்தின் அடவுகளை நவீன நடிகரின் பயிற்சியாக்கியது. மரபுக் கலையின் உடலை நவீன மேடைக்குக் கொண்டுவருவதில் சிட்னி, சென்னை முயற்சிகள் இரண்டும் உறவுடையவை.

தொழிலாகப் பார்த்தால் உடலசைவு இயக்கம் நிலையற்றது. பெரும்பாலோர் நடனம், நடிப்பு, சர்க்கஸ் ஆகியவற்றிலிருந்து வருகிறார்கள். நாடகத்துக்கு நாடகம் ஒப்பந்தத்தில் வேலை செய்கிறார்கள். நிலையான வருமானத்துக்கு நைடாவிலும் மெல்பர்னின் விக்டோரியக் கலைக் கல்லூரியிலும் கற்பிப்பவர்கள் உண்டு. அரங்கேற்றத்துக்குப் பின் இவர்கள் விலகிவிடுவதே வழக்கம். ஆனால், மெல்பர்னில் 2019 முதல் 2023 வரை ஓடிய ஹாரி பாட்டர் நாடகம் போன்ற நீண்டகாலத் தயாரிப்புகளில், புதிய நடிகர்கள் சேரும்போதெல்லாம் வகுத்த அசைவுகளை மீண்டும் சொல்லிக்கொடுக்க ஒருவர் உடனிருந்தாக வேண்டும்.