மெழுகுவர்த்தியிலிருந்து செல்போன் வரை: பேராசிரியர்கள் பிள்ளைகளைத் தேடி வந்த கதை



ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இப்போது ஒரே பேச்சு, கோச்சிங் ஃபீஸ். லிஃப்டில் ஏறினாலே காதில் விழுகிறது. “ஐ.ஐ.டி. பேராசிரியர்களே இலவசமாகப் பாடம் நடத்துகிறார்களே, அதைப் பார்க்கச் சொல்லக்கூடாதா?” என்று ஒருவரிடம் கேட்டேன். “அதெல்லாம் யார் சார் உட்கார்ந்து பார்ப்பாங்க?” என்றார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடப் போய், பழைய சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டினேன். நான் பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். விஞ்ஞானம் எனக்குத் தூரம். அதனால் இதை ஒரு கணக்கு எழுதுபவனின் பார்வையாகவே படியுங்கள்.

கதை லண்டனில் தொடங்குகிறது. மைக்கேல் ஃபாரடேயின் அப்பா கொல்லர். வீட்டில் வறுமை. 14 வயதில், 1805-இல், புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பழகச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்கள்தான் அவருக்குப் பள்ளிக்கூடம். மாலை நேரங்களில் நடந்த விஞ்ஞானச் சொற்பொழிவுகளுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். அதைக் கொடுத்தவர் கொல்லு வேலை செய்த அண்ணன். 1812-இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஹம்ப்ரி டேவி நடத்திய நான்கு சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கொடுத்தார். கேட்டதையெல்லாம் ஃபாரடே எழுதி, படம் வரைந்து, சுமார் 300 பக்கங்களைத் தானே பைண்டிங் செய்து டேவிக்கே அனுப்பினார். 1813 மார்ச்சில் அங்கேயே உதவியாளராக வேலை கிடைத்தது. நம் ஜெனரேட்டரும் டிரான்ஸ்ஃபார்மரும் அவர் 1831-இல் கண்டறிந்த தத்துவத்தில்தான் ஓடுகின்றன.

அதே ராயல் இன்ஸ்டிட்யூஷன் 1825-இல் சிறுவர் சிறுமியருக்கென்று கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளைத் தொடங்கியது. ஃபாரடே மட்டும் 19 முறை நடத்தினார். மிகவும் பேர் வாங்கியது ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றிய ஆறு சொற்பொழிவுகள். சுடரின் நடுவில் ஒரு கண்ணாடிக் குழாயை நுழைத்து, அதன் வழியே வரும் ஆவியை மறுமுனையில் பற்றவைத்துக் காட்டினார். பனிக்கட்டி வைத்த பாத்திரத்தைச் சுடருக்கு மேலே பிடித்து, எரியும் நெருப்பிலிருந்து தண்ணீர்த் துளி உண்டாவதைக் காட்டினார். அந்தச் சொற்பொழிவுகள் 1861-இல் புத்தகமாக வந்தன. ஒரு காலத்தில் டிக்கெட்டுக்காக ஏங்கியவர் பிள்ளைகளுக்காக எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார், பாருங்கள்!

ஆனாலும் அந்த அரங்கில் இடம் பிடித்தவர்கள்தான் கேட்க முடியும். 1936-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜி.ஐ. டெய்லர் கப்பல்களைப் பற்றிப் பேசியபோது பி.பி.சி. அதைத் தொலைக்காட்சியில் காட்டியது. அரங்கின் சுவர் முதல்முறையாக உடைந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு காலம், அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோளை இரவல் வாங்கிப் பயன்படுத்தி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு ‘சைட்’ என்ற திட்டத்தில் நிகழ்ச்சிகள் ஒளிபரப்பானார்கள். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் பெரியவர்களுக்கு. ஊருக்கு ஒரு பெட்டி. எல்லோரும் கூடி உட்கார்ந்து பார்த்தார்கள். தமிழ்நாடு அதில் இல்லை. 1984 ஆகஸ்ட் 15 முதல் தூர்தர்ஷனில் பல்கலைக்கழக மானியக் குழுவின் நிகழ்ச்சி வந்தது, என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அது கல்லூரி மாணவர்களுக்கானது, ஆங்கிலத்தில்.

பிறகு இணையம் வந்தது. 2001-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் பாடங்களை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப் போவதாக அறிவித்தது. 2007-இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கென்று தனியாகத் தொகுத்தும் கொடுத்தது. இங்கே ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்.பி.டி.இ.எல். என்ற பெயரில் பொறியியல் பாடங்களைப் பதிவு செய்தன. 2017 ஜூலையில் ‘ஸ்வயம் பிரபா’ 32 சேனல்களோடு தொடங்கியது. அதில் ‘ஐ.ஐ.டி. பால்’ என்பது 11, 12-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கானது. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கும் உண்டு. யூடியூபிலும் கிடைக்கிறது. ஷில்லிங்கும் வேண்டாம், டிக்கெட்டும் வேண்டாம்.

அப்படியானால் எல்லாப் பிள்ளையும் படித்திருக்க வேண்டுமே? இங்கேதான் கணக்கு உதைக்கிறது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து 2012-இல் தொடங்கிய இணைய வகுப்புகளில் முதல் 17 பாடங்களின் கணக்கை வெளியிட்டார்கள். பதிவுகள் 8,41,687. சான்றிதழ் வரை போனவை 43,196. நூற்றுக்கு ஐந்துதான்! அதில் பலர் விவரம் தெரிந்த பெரியவர்கள். வங்கியில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். கணக்குத் தொடங்க வரிசையில் நிற்பார்கள். அடுத்த வருடம் பார்த்தால் பாதிக் கணக்கு அசையாமல் கிடக்கும்.

என் பேரனும் அப்படித்தான். தனியாக நான்கு வகுப்பு பார்த்தான், ஐந்தாவதில் விட்டுவிட்டான். ஒரு நாள் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. “இது என்னடா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். எனக்கு விளக்குவதற்காக அவன் வீடியோவை நிறுத்தினான், திரும்ப ஓட்டினான், பேப்பரில் எழுதிக் காட்டினான். இப்போது பதினெட்டாவது வகுப்பில் இருக்கிறோம். அவனுக்குத் தேவைப்பட்டது இன்னொரு வாத்தியார் இல்லை, கூட உட்கார ஒரு ஆள். ஃபாரடேக்கும் டேவியின் பேச்சு மட்டும் போதவில்லை. ஷில்லிங் கொடுத்த அண்ணன், டிக்கெட் கொடுத்த வாடிக்கையாளர், எழுதி அனுப்பியதை மதித்த டேவி எல்லோரும் தேவைப்பட்டார்கள்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். நம் கம்யூனிட்டி ஹால் டி.வி. கிரிக்கெட் மேட்ச் இல்லாத நாளில் சும்மாதான் இருக்கிறது. ஞாயிறு காலை பத்து மணி முதல் பதினொன்றரை வரை அதைக் கொடுங்கள். ஒரு வகுப்பு பார்ப்போம், பிறகு பிள்ளைகள் நோட்டில் எழுதட்டும், எங்களைப் போன்ற ஓய்வு பெற்றவர்கள் கேள்வி கேட்கிறோம். ஹால் குடியிருப்போருக்கு மட்டும் என்பது விதி, தெரியும். ஆனால் நம் செக்யூரிட்டி ஒருவரின் மகள் ப்ளஸ் ஒன்னில் அறிவியல் பிரிவு படிக்கிறாள். அவளையும், இங்கே வேலைக்கு வருபவர்களின் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவருகிறேன். “உறுப்பினருக்கு மட்டும்” என்று அன்று அந்த வாடிக்கையாளர் டிக்கெட்டைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்து, கை தூக்குங்கள்.

— ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், ‘பி’ பிளாக்