மன்னார் வளைகுடாப் பவளப்பாறை: அகழ்வும் மீட்பும்

இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை வரிசையாக அமைந்த 21 தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகள் (மீனவர் வழக்கில் ‘பார்’) சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பல பத்தாண்டுகள் வெட்டி எடுக்கப்பட்டன. சேதம் தூத்துக்குடிப் பக்கமே அதிகம். அலையை உடைத்த பார் அழிந்ததும் கரை அரித்து, விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய தீவுகள் நீரில் மூழ்கின. 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. 2001-இல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளங்கள் சேர்ந்தன. ஆயினும் அகழ்வு ஓய்ந்தது 2005 வாக்கில்தான். அதில் சட்டத்தோடு சுனாமி தந்த பாடத்துக்கும் பங்குண்டு.

தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் பவளத் துண்டுகளைக் கான்கிரீட் சட்டங்களில் கட்டி வளர்த்து வருகிறது. தேய்ந்துவந்த வான் தீவைக் காக்க, 2015 முதல் துளையிட்ட செயற்கைப் பார்கள் இறக்கப்பட்டன. நட்ட எண்ணிக்கையைவிடப் பிழைத்த எண்ணிக்கையே முக்கியம் என்பதால் தொடர் கண்காணிப்பு இன்றியமையாதது: 2016-இன் வெப்ப வெளிறலில் விரைந்து வளரும் கிளைப்பவளங்களே பெரிதும் மடிந்தன. இராமேசுவரத்தை அடுத்த குருசடைத் தீவிலோ தொல்லை வேறு. அங்கே வளர்ப்புக்கெனக் கொண்டுவந்த கப்பாபைக்கஸ் பாசி பவளத்தின் மேல் படர்ந்து அதை மூச்சடைக்கச் செய்கிறது.